மணிக்கும் மழைக்கும் நடுவில்

"இப்போ?" என்று கேட்டான் வில்மார்.

மிரேயா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கணினித் திரையில், கலங்கரை விளக்கத்தின் அடியில் குட்டி மாலுமி ஒருவன் நின்றிருந்தான். மழை பெய்தது. கோயில் மணி அடித்தது. மறுபடியும் மழை.

கணவன் தலையணைகளில் சாய்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புற்றுநோய் மருந்து அவன் காதுகளைத்தான் முதலில் வாங்கிக்கொண்டது. மெல்லிய சத்தம் எதுவும் கேட்பதில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சால்ட்டோ நகர ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. 'சத்தம் சரியாயிடுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடுவான்.

"இல்ல கிழவா. இன்னும் டிக்குனு ஒண்ணு விழுது."

வில்மாரின் வறண்ட உதடுகள் விரிந்தன. "எங்க பொய் சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

"உங்கிட்டயா? கல்யாணத்தன்னைக்கே உன் கோட்டு சகிக்கலைன்னு சொன்னவ நான்."

"அது எங்கப்பாவோட கோட்டு, கிழவி."

"அதான் அவரும் உள்ளே இருக்கற மாதிரி இருந்துச்சு."

சிரிக்கப்போய் இருமினான். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அவன் சின்ன வயதில் விளையாடிய சாகச விளையாட்டுகள் இன்றைய கணினிகளில் ஓடுவதில்லை. அவற்றை ஓடவைக்கும் நிரலை உலகின் பல மூலைகளிலிருந்தும் சிலர், காசு வாங்காமல், புதிதாக எழுதிவந்தார்கள். வில்மார் அவர்களில் ஒருவன். ஒலிகள் அவனுக்கும் எவரிஸ்டோ என்ற கூட்டாளிக்கும் பொறுப்பு. 'ஊர்ல ஆம்பளைங்க மீன் பிடிக்கப் போறாங்க, இவன் தவளைச் சத்தத்துக்கு வைத்தியம் பாக்கறான்' என்று மிரேயா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"டிக்குனு எப்ப விழுது? மணி அடிக்கறப்பவா?"

மிரேயா ஒலியைத் திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டாள். "இல்ல, மணி ஓஞ்சப்புறம். மழை மறுபடி ஆரம்பிக்கிற இடத்துல."

அவன் கண்கள் அகன்றன. "அப்போ மணியில இல்ல! நாங்க ரெண்டு பேரும் மணியிலயே தேடிட்டிருக்கோம். மழையில இருக்கு கிழவி, மழையில இருக்கு. எவரிஸ்டோகிட்ட சொல்லணும்..." கை விசைப்பலகைவரை போகாமல் போர்வைமேலேயே நின்றது. "கொஞ்சம் கழிச்சு."

அவள் சூப்பைச் சூடாக்கி எடுத்துவந்தபோது மூச்சு நின்றிருந்தது. திரையில் மாலுமி மழையில் நனைந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம், 'தூங்குமூஞ்சி, எழுந்தாச்சா?' என்று எவரிஸ்டோவிடமிருந்து செய்தி வந்தது. மிரேயாதான் பதில் எழுதினாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் வில்மாரின் அக்கா ஒஃபேலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா என்ன சொன்னான்?"

"மழையில இருக்குன்னு சொன்னான்."

ஒஃபேலியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "கேட்டீங்களா! மழையில இருக்கானாம். மழை வரும்போதெல்லாம் நம்மகூடவே இருப்பானாம்!" சுற்றியிருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். மிரேயா திருத்தவில்லை. எப்படித் திருத்துவது?

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பெரிய உருவம் ஒன்று முன்னால் வந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"மழையிலயா? மணியில இல்லயா?"

மிரேயா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எவரிஸ்டோவா?"

"ஆமாம்மா." ஊரையொட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையில், கொன்கோர்தியாவில் மாட்டு வைத்தியர். இத்தனை வருடமும் இருவரும் தினமும் எழுதிச் சண்டை போட்டவர்கள். அடுத்த கோடையில் சேர்ந்து இறைச்சி சுடலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் சொல்லிக்கொண்டவர்கள். நேரில் பார்த்ததேயில்லை. "கடைசியில நான்தான் வந்தேன்" என்றார்.

"மணி முடிஞ்சு மழை திரும்ப வருதில்ல, அந்த இடம்."

"மணிக்கு அடியில மழை ஓடி முடிஞ்சு, திரும்ப ஆரம்பிக்கற இடம்..." அவர் புருவத்தைச் சுருக்கினார். "தாண்டிப் போறோமா? ஐயோ, தாண்டிப் போறோம்!"

"அவர் துக்கத்துல உளர்றார்" என்றாள் ஒஃபேலியா.

"வீட்டுக்கு வாங்க" என்றாள் மிரேயா.

வந்தவர்கள் காபி குடித்துக் கலைந்த பிறகு எவரிஸ்டோ வில்மாரின் நாற்காலியில் தயங்கி உட்கார்ந்தார். மழை ஒலி முடிந்த இடத்தில் கோப்பில் சில குறிப்புகள் இருந்தன. நிரல் அவற்றையும் மழை என்றே நினைத்துச் சேர்த்து ஒலித்துக்கொண்டிருந்தது. தடித்த விரல்களால் ஒரு வரியை மாற்றினார்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா. எங்கிட்டயும் பொய் வேணாம்."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மழை. மணி. மழை.

"இல்ல. எதுவும் விழல."

அவர் தலையசைத்தார். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.  எவரிஸ்டோ சமையலறைக்குப் போய், சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டு, குழாயைச் சத்தமில்லாமல் கொஞ்சமாகத் திறந்து, தொட்டியில் குவிந்திருந்த காபிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினார்.