காப்பர் பைப்

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. அந்தோணிசாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் தம்பி ஆபேலின் பைக் பக்கத்தில் குந்தியிருந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாலு முறை உட்கார்ந்து பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று பம்மல் சிக்னலில் ஆபேல் வண்டியோடு சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்றார்கள். டாக்டர் பேச்சை இவர் என்றைக்கு நம்பினார்? சந்தேகமெல்லாம் சைலன்சரில் சுற்றியிருந்த காப்பர் பைப்பின் மேல்தான். அதற்குள் பெட்ரோலை விட்டுச் சூடாக்கி, ஆவியாக எஞ்சினுக்குக் கொடுத்தால் சொட்டு வீணாகாது, அறுபத்தைந்து மைலேஜ் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான் ஆபேல். "வெடிச்சிதான் சாவப்போற" என்று இவர் திட்டாத நாளில்லை. அவன் இவர் பேச்சைக் கேட்டால்தானே.

ஆபேலின் மகள் ஏஞ்சல் வெளியே வந்தாள். ஏ.சி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"பெரியப்பா, அந்த பைப்ப நான்தான் ஆபீஸ்லேர்ந்து வாங்கியாந்து குடுத்தேன். அந்தப் பொக நெஞ்சுல ஏறித்தான் அப்பா..."

"சும்மா இரு பாப்பா."

"நான் குடுக்காம இருந்திருந்தா?"

அவர் பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் நின்றது. இரண்டு முனையையும் சுத்தியால் அடித்துத் தட்டையாக்கி மூடியிருந்தது. மூடிய இடத்தில் பச்சைக் களிம்பு. ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். டேங்கிலிருந்து சாதா ரப்பர் டியூப்தான் நேராகக் கார்புரேட்டருக்குப் போனது.

"திருட்டுப் பய" என்று முனகினார். கண்ணை மூடித் திறந்தார்.

"இங்க வா. தொட்டுப் பாரு. அடைச்சி கீது. இதுல பெட்ரோலே போவல."

ஏஞ்சல் குனிந்து தொட்டாள். மறுபடி தொட்டாள். "அப்ப மைலேஜ், மைலேஜ்னு டெய்லி சொன்னாரே?"

அவர் டேங்கை உள்ளங்கையால் துடைத்தார்.

தெருமுனை டீக்கடை சிட்டிபாபு வந்தான். "அண்ணா, பொட்டி மூடப்போறாங்க, வாங்க." பைக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "இன்னா மூளண்ணா அவருக்கு! என் வண்டிக்கும் மாட்டித் தரேன்னாரு. நெசமாவே அறுவத்தஞ்சு குடுத்துதா?"

ஏஞ்சல் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தோணிசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எழுவது" என்றார்.

ஏஞ்சல் விரலில் ஒட்டிய களிம்பைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.