பொருத்தனைக் கோழி

சத்தியபாய் பாம்புக்குப் பயப்படுகிறவள் அல்ல. போன ஆடியில் விறகுக் குவியலுக்குள் கிடந்த விரியனை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கஞ்சி குடிக்க உட்கார்ந்தவள். அப்படிப்பட்டவள் இப்போது தன் வீட்டுப் புறவாசலுக்குப் போக நெல் புடைக்கிற சுளவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, கதவிடுக்கு வழியாக மூன்று தரம் எட்டிப் பார்த்தாள். கிணறு அங்கே இருந்தது, விறகு அங்கே இருந்தது. செவலைக் கோழியும் அங்கேதான் நின்றது.

வேறு கோழியாக இருந்தால் என்றைக்கோ குழம்பில் கொதித்திருக்கும். இதன் இடது காலில் வெள்ளை நாடா கட்டியிருந்தது. ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணி நேர்ந்துவிட்ட கோழி என்பதற்கு அந்தச் சபையில் அதுதான் அடையாளம். அறுப்பின் பண்டிகையில் கோயிலில் கொண்டு ஒப்படைக்கிற வரைக்கும் அதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, மாற்றுக் கோழி கொடுக்கவும் கூடாது.

நாடாவைக் கட்டியது அவளேதான். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, ஐப்பசி மழையில், பதினோரு மாதப் பிள்ளை லீலாபாய்க்குக் காய்ச்சல் கண்டது. அவள் புருஷன் யோவானுக்குக் குழித்துறையில் வாத்தியார் வேலை. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். நாலாம் நாள் மத்தியானம் பிள்ளையின் கண் மேலே செருகிக்கொண்டது. சத்தியபாய் முழங்காலில் விழுந்து, "என் பிள்ளையைத் தாரும் ஆண்டவரே, என் செவலையைத் தாறேன், அது பொரிக்கிற குஞ்சுகளையும் தாறேன்" என்று கதறினாள். குஞ்சைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். பயந்துபோனவர்கள் கேட்காததையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் பிள்ளைக்கு வியர்த்தது. ஞாயிற்றுக்கிழமை சிலுவைதாசன் உபதேசியார் சபை முன்னால் எழுந்து, வாத்தியார் வீட்டுச் செவலையும் அதன் குஞ்சுகளும் ஆண்டவருக்கு என்று அறிவித்தார். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

கையில் தவிடு வைத்துக் கூப்பிட்டால் மடியில் ஏறித் தின்கிற கோழிதான் அது. மார்கழியில் அடை உட்கார்ந்தது. தையில் ஒன்பது குஞ்சு பொரித்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன். ஆள் நிழல் விழுந்தாலே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும். தாய்க்கோழி எல்லாமே விரட்டத்தான் செய்யும். காலைக் கொத்திவிட்டுத் திரும்பிப் போகும். இது திரும்பிப் போகாது. தேங்காய் வெட்ட வந்த ரசலையன் ஓலை பொறுக்கக் குனிந்தபோது, எழும்பிப் பறந்து அவன் கன்னத்தைப் பிய்த்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே காயம். "இது கண்ணைத்தான் பாக்கு, கேட்டியளா" என்று சொல்லிவிட்டுக் கூலியைக்கூட மறுநாள் முன்வாசலில் வந்து வாங்கிக்கொண்டான்.

அந்த வார்த்தை சத்தியபாயின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. லீலா அப்போதுதான் சுவரைப் பிடித்து நடை பழகியிருந்தாள். உட்கார்ந்தால் பிள்ளையின் கண்ணும் கோழியின் மூக்கும் ஏறக்குறைய ஒரே உயரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் சொர்ணம்மாள் இருந்தாள். அய்யாவைச் சாமியாகக் கும்பிடுகிற அய்யா வழிக்காரி, நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே இறங்க மாட்டாள். சுளவும் கையுமாகக் கிணற்றில் தண்ணீர் கோருகிறவளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏட்டி சத்தியா, கோழியைக் கண்டு ஓடாத. ஓடினா அது உன்னைத் தொரத்தும். நேரே போயி, குனிஞ்சு, ரெண்டு காலையும் சேத்துப் பிடி. தூக்கிட்டா அடங்கிரும்."

"நாடா கெட்டின கோழி அக்கா. பிடிவலியில காலு கீலு ஒடிஞ்சா? பழுதான காணிக்கையை ஆண்டவரு ஏத்துக்கிட மாட்டாரு."

"ஏத்துக்கிடலைன்னா?"

சத்தியபாய் கிணற்றுக் கயிற்றை வேகமாக இழுத்தாள். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று வாய்விட்டுச் சொல்லவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"எங்க அய்யா கோழியும் வேண்டாம் கிடாயும் வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு" என்றாள் சொர்ணம்மாள். "உங்க ஆண்டவருக்கு இந்த மூதேவிதான் வேணுமாக்கும்?"

வேறு நாளாக இருந்தால் சத்தியபாயும் சேர்ந்து சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கோழியை அதற்குள் அடைத்தாள். கூடை மேல் அம்மிக்குழவியைப் பாரம் வைத்தாள். குஞ்சுகள் கூடைப் பின்னலின் கண்ணிகள் வழியாக வெளியே வந்து மேய்ந்துவிட்டு உள்ளே போய்க்கொள்ளும். கோழி உள்ளே கொக்கரித்துக்கொண்டே கிடக்கும். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. அவளுக்கும் கொஞ்சம் தூக்கம் பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குழம்புக்குத் தேங்காய் அரைக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருப்பது ஒரே குழவி. நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்தாள். நாலாவது இழுப்பு முடியவில்லை, புறவாசலில் குஞ்சு ஒன்று வீறிட்டது. லீலா நடந்து போய் அதைக் கையில் பிடித்திருந்தாள். சத்தியபாய் எழும்புவதற்குள் கூடை புரண்டது. அவள் ஓடி வந்தபோது பிள்ளை மல்லாந்து கிடந்தது, கோழி அதன் நெஞ்சின்மேல் நின்றது, மூக்கு இறங்கி இறங்கி ஏறியது.

சுளவு எங்கே கிடந்தது என்று தெரியாது. வெறுங்கையால் தள்ளிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு வீட்டுக்குள் விழுந்து கதவைச் சாத்தினாள். முகமெல்லாம் ரத்தம். துடைத்துப் பார்க்கிறதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. "கண்ணைத் திற மக்கா, அம்மையைப் பாரு மக்கா" என்று கெஞ்சினாள். பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டேன் என்று இறுக்கி மூடிக்கொண்டு அலறியது. வெகுநேரம் கழித்து இடது கண் திறந்தது. பிறகு வலது கண்ணும் திறந்தது. காயம் வலது புருவத்துக்கு நேர் கீழே, இமை தொடங்குகிற இடத்தில். நெல்மணி அகலம் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

மறுநாள் வந்த யோவான் வாத்தியார் காயத்தைப் பார்த்துப் பதறினார்.

"என்னட்டி இது?"

"வாசல் நடையில தட்டி விழுந்திட்டா" என்றாள் சத்தியபாய்.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னால் அவர் அந்த நிமிஷமே கோழியின் கழுத்தைத் திருகிவிடுவார். பிள்ளை விஷயத்தில் அவர் அப்படித்தான். பொருத்தனை முறியும். ஐப்பசியில் வியர்த்த பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வரும். பண்டிகைக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான்; பல்லைக் கடித்துக்கொண்டு கடத்திவிடலாம் என்று நினைத்தாள். ஒரு பக்கம் கோழி, இன்னொரு பக்கம் ஆண்டவர், நடுவில் பிள்ளையோடு அவள்.

அந்தப் பத்தொன்பது நாளும் லீலாவை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. தண்ணீர் கோருவதும் பிள்ளையோடுதான், அடுப்பு ஊதுவதும் பிள்ளையோடுதான். கோழியை மறுபடியும் கூடைக்குள் அடைத்து, குழவியை அதன்மேலேயே விட்டுவிட்டு, தேங்காய் அரைக்காமல் புளிக்குழம்பிலேயே காலம் தள்ளினாள். வெளியே கொக்கரிப்புக் கேட்டால் போதும், பிள்ளை இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்ளும்.

மாசிக் கடைசியில் கும்பப்பூ நெல்லின் அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலை, நெற்கதிர், சேனைக்கிழங்கு என்று கோயில் நிறைந்துவிட்டது. வாத்தியாரே கோழியின் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் ஓலைப்பெட்டியில் ஒன்பது குஞ்சுகள். உபதேசியார் அவற்றை வாங்கி வைத்து ஜெபம் பண்ணினபோது, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த சத்தியபாய்க்குக் கண்ணீர் கொட்டியது. பக்திக் கண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் நிமிர்ந்து மூச்சு விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். குஞ்சுகள் ஆளுக்கு ஒன்றாகப் போயின. செவலையை உயர்த்திப் பிடித்து, "வாத்தியார் பிள்ளைக்கு உயிர் தந்த கோழி" என்றார் உபதேசியார். சபையில் ஞானசிங் என்பவர் விலை கேட்டார். இன்னொருவர் கேட்டார். அப்புறம் ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது. அது யார் குரல் என்று சத்தியபாய்க்கு உடனே தெரிந்துவிட்டது. பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து "வேண்டாம்" என்று கத்த நாக்கு துடித்தது. ஊர் முன்னால் எதைச் சொல்லி வேண்டாம் என்பது? ஏலம் மூன்றாம் தரம் முடிந்தது.

ஏலத்தில் எடுத்த கோழியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் வாத்தியார் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தார். "எவனோ தின்னதுக்கா இந்தக் கோழி? நம்ம பிள்ளைக்க உயிருட்டி. சாவுற வரைக்கும் நம்ம வீட்டில நிக்கட்டும்."

புறவாசலில் கொண்டுபோய்க் கட்டை அவிழ்த்துவிட்டார். கோழி எழும்பி நின்று உதறியது. குஞ்சுகளைத் தேடிக் கூடையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒன்றும் இல்லை என்று கண்டதும் கழுத்து மயிர் சிலிர்த்தது, தொண்டையிலிருந்து அந்தக் கொக்கரிப்பு வந்தது.

இடுப்பில் இருந்த லீலா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் சிரித்தார். "என்னட்டி, பிள்ளை ஒளிச்சு விளையாடுகா?" கையை விலக்கப் பார்த்தார். பிள்ளை விடவில்லை, உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. அவர் சிரிப்பு நின்றது. விரல்களுக்கு மேலே புருவத்தடியில் இருந்த தழும்பைப் பார்த்தார். பிறகு கோழியைப் பார்த்தார்.

"சத்தியா, பிள்ளை நடையிலயா விழுந்தா?"

சத்தியபாய் கோழியைக் கைநீட்டிக் காட்டினாள். வேறொன்று கேட்டாள். "இது இப்ப ஆருக்க கோழி?"

"நமக்க கோழி."

"ஆண்டவருக்கு இதுல ஒண்ணும் இல்லைல்லா?"

"அவருக்குள்ளதைக் கொடுத்தாச்சுட்டி. இது ஏலத்தில எடுத்தது."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் பிள்ளையை அவர் தோளில் போட்டாள். சுளவை எடுக்கவில்லை. நேரே நடந்தாள். கோழி எழும்பிப் பறந்து மணிக்கட்டைக் கொத்தியது, மறுபடியும் கொத்தியது. அவள் குனிந்து இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். வெள்ளை நாடாவைப் பல்லால் கடித்து அவிழ்த்துத் துப்பினாள்.

"பிள்ளை கண்ணைப் பொத்திக்கிடட்டும், அவ கையை எடுக்காதீங்க" என்றாள். "அடுக்களையில கத்தி இருக்கு. கொண்டாங்க."