ஸ்பானிஷ் கோஷ்டி

பாலாறு என்ற பேரைக் கேட்டாலே நம்பிக்குக் குளிர் ஜுரம் வந்துவிடும். அவன் குமாஸ்தாவாக இருந்த மைசூர் ஊதுபத்திக் கம்பெனி அங்கே காட்டுக்குள் ஒரு கொட்டகை போட்டு மரப்பட்டை வாங்கிக்கொண்டிருந்தது. போனவர்களெல்லாம் மலேரியாவோடு திரும்பினார்கள். அடுத்த முறை நம்பியுடையது. கல்யாணமாகி எட்டே மாதம். ஜயம்மாவை விட்டுப் போக அவனுக்குத் துளிகூட மனமில்லை.

தப்பிக்க ஒரே வழி, மைசூர் ஆபீசிலேயே அர்ஜென்டினா வியாபாரிகளுக்கு ஸ்பானிஷில் கடிதம் எழுதும் வேலை. அதற்கு மேனேஜர் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். நம்பி புத்தகம் வாங்கினான். 'தேடுவீராக, செலுத்துவீராக' என்று பணிவாகக் கேட்கும் வினைகள்தான் கழுத்தை அறுத்தன. ஓசை அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் வேஷம் மாற்றும். 'சி' போய் 'க்யு-யு' வரும். 'ஜி'க்குப் பின்னால் ஒரு 'யு' வந்து ஒட்டிக்கொள்ளும்.

பாசுரம் சேவிக்கிற குடும்பத்துப் பிள்ளை வேறெப்படிப் படிப்பான்? கோயிலில் கோஷ்டி இரண்டாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்வதுபோல, எதிரே ஜயம்மாவை உட்காரவைத்தான். 'தேடுகிறேன்' என்பதை அவள் "புஸ்கோ" என்று எடுப்பாள். "புஸ்கே! பி, யு, எஸ், க்யு, யு, ஈ!" என்று அவன் முடிப்பான். அடுத்த வீட்டுக் கமலம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்து, இது எந்த ஆழ்வார் பாடினது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பரீட்சையன்று காலையில் ஜயம்மா, "நமக்கு வேலை கிடைச்சுடும், பாருங்கோ" என்றாள்.

"நமக்கா? படிச்சது நான். நீ சும்மா எடுத்துக் கொடுத்தே, அவ்வளவுதானே?"

வாய்க்கொழுப்பு! அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொள்ளேகாலத்துக்காரரான மேனேஜர் மல்லப்பன் புத்தகத்தை விரித்தார். "தேடுவீராக. எழுதுங்க பார்க்கலாம்."

நம்பி பேனாவைத் திறந்தான். யாரோ எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தான். அறையில் மின்விசிறிதான் சத்தம் போட்டது. அவனுக்கு அழுகை வந்தது.

"சார், எனக்கு எதிர் கோஷ்டி வேணும்" என்று சொல்லிவிட்டு ஜட்கா பிடித்து வீட்டுக்கு ஓடினான்.

"தப்புதான் ஜயா. நீ இல்லாம எனக்கு ஒரு எழுத்துகூட வரலே."

"காத்தாலேயே இதைச் சொல்லியிருந்தா ஜட்கா கூலி மிச்சமாயிருக்குமே" என்று சொல்லிக்கொண்டே அவள் புடவை மாற்றப் போனாள்.

மேனேஜர் அறை வாசலில் நின்று ஜயம்மா "புஸ்கோ" என்றாள். அவ்வளவுதான், நம்பியின் பேனா பறந்தது. "பாகோ" என்றாள், 'செலுத்துவீராக' வந்து விழுந்தது. இருபது சொல், ஒரு பிழை இல்லை.

மல்லப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க நம்பி, உங்களைப் பாலாத்துக்கு அனுப்புனா பாதி ஸ்பானிஷ் மைசூர்லயே நின்னுபோகுமுங்களே! நீங்க இங்கயே இருங்க. கடுதாசிய வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிட்டு வாங்க."

திரும்பும்போது ஜட்காவில் நம்பியால் சும்மா இருக்க முடியவில்லை. "வேலை கிடைச்சுடுத்து!" என்றான்.

ஜயம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே, "யாருக்கு?" என்று எடுத்தாள்.

"நமக்கு" என்று முடித்தான் நம்பி.