உப்பில்லா விரதம்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். மல்லாவிப் பக்கத்து ஊர் வாய் இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஏழு வருடமாகப் பிரியந்தினியை ‘விசரி’, பைத்தியக்காரி என்ற அதே வாய், இந்த வைகாசியில் ஒரே கிழமைக்குள் ‘அம்மாள்’ என்று மாற்றிக் கூப்பிட்டது. அவள் புருசன் சிவகரனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. எப்படிப் படும்? ‘விசரியின்ர மனிசன்’ என்ற பெயரோடு சங்கக் கடைக்குப் போய்வந்தவன் அல்லவா.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இரண்டு கிழமை முன்னே பாக்குத்தெண்டல் சடங்கு நடந்த நாளில் பிரியந்தினி விரதம் தொடங்கினாள். ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். மனவருத்தத்துக்கு, அதாவது மனநோய்க்கு, எடுக்கும் லித்தியம் குளிசையை மட்டும் விடவில்லை. வழமைபோல அம்மன் படத்துக்கு முன்னால் நின்றுதான் விழுங்கினாள். எட்டாம் நாள் விளக்கு வைக்கும்போது கை நடுங்கியது. அடுத்த நாள் காலும் நடுங்கியது. சிவகரனின் அக்கா விமலேஸ்வரி திருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு எழும்பிக் கும்பிட்டாள்.

“உருவெல்லோ வருது. அம்மாள் வந்திட்டா.”

பின்னேரமே முற்றம் நிறையச் சனம். அவளைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்தவர்களே அவள் கையால் திருநீறு வாங்கினார்கள். லித்தியம் எடுக்கிற ஆள் உப்பைக் குறைக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னது சிவகரனுக்கு நினைவில் இருந்தது. அம்மாளின் விரதம் ஆளை என்ன செய்யப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டான். மடையன், வேறென்ன சொல்ல.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவள் வயிற்றைப் பிரட்டிச் சத்தியெடுத்துக் கிணற்றடியில் விழுந்தாள். நாக்குத் தடித்துக் கதை குழறியது. அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அங்கே இருந்த டொக்டர் ஷிஹானா முல்லைத்தீவுக்காரி. சிறு வயதிலிருந்தே நோன்பு பிடிக்கிறவள். விரதக்காரியை ஏச அவளுக்கு வாய் வராது.

“உப்பில்லாமல் எத்தினை நாள்?”

“பன்னிரண்டு,” என்றான் சிவகரன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

“உப்புக் குறைஞ்சால் அந்தக் குளிசை உடம்பை விட்டுப் போகாது. தேங்கி நஞ்சாகும், மூளையைத் தாக்கும். குளிசையை நிப்பாட்டிப்போட்டு இப்பவே சேலைன் ஏத்தோணும்.”

பிரியந்தினி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். “அதில உப்பெல்லோ. விரதம் முறிஞ்சால் அம்மாள் போயிடுவா.”

சிவகரன் கெஞ்சினான், ஏசினான், அழுதும் பார்த்தான். அவள் அசையவில்லை. ஷிஹானா கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலோடு இருந்தாள்.

“அக்கா, உங்கட அம்மாளுக்கு விளக்கு எதில எரியுது?”

“எண்ணெயில இல்லை, கடல் தண்ணியில.”

“அந்தத் தண்ணி எடுக்க வாற சனத்தைச் சின்னனில கடற்கரையில நிண்டு பாத்தனான். உப்புத் தண்ணியில விளக்கு ஏற்கிறவா, அது உங்கட உடம்பில ஏறினால் கோவிப்பாவோ?”

பிரியந்தினி தொங்கிய சேலைன் போத்தலைப் பார்த்தாள். “அப்ப இந்த நடுக்கம் அம்மாள் இல்லையோ?”

ஒரு பொய் சொல்லிவிடு தாயே என்று சிவகரன் மனதுக்குள் டொக்டரைக் கெஞ்சினான்.

“இல்லை அக்கா. நடுக்கம் குளிசையால வந்தது. ஆனால் கனபேர் பாதியில விடுற மருந்தை நீங்கள் ஏழு வருசமா ஒரு நாளும் விடேல்லை. அந்தப் பிடிமானத்தை நாங்கள் தரேல்லை. ஆர் தந்ததெண்டு உங்களுக்குத்தான் தெரியும்.”

பிரியந்தினி சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சேலைனுக்குக் கையை நீட்டினாள்.

பொங்கலன்று அவளுக்குக் குழறல் நின்று கதை தெளிந்துவிட்டது. நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு விமலேஸ்வரி வேப்பிலையும் கையுமாக இரண்டு பெண்களோடு வந்தாள். ஒருத்தியின் மகனுக்கு விசா இழுபட்டுக்கொண்டிருந்தது.

“கிடைக்குமோ எண்டு ஒரு வாக்குச் சொல்லுங்கோ அம்மாள்.”

சிவகரன் மனிசியின் வாயையே பார்த்தான். ‘கிடைக்கும்’ என்ற ஒரு சொல் போதும். ஊர் இனி ஆயுளுக்கும் அவளைக் கும்பிடும்.

“மச்சாள், என்னில அம்மாள் வரேல்லை,” என்றாள் பிரியந்தினி. “உடம்பில குளிசை கூடித்தான் கை நடுங்கினது. இவவின்ர மகனுக்காக நானும் அம்மாளைக் கும்பிடுறன். வாக்குச் சொல்ல எனக்குத் தெரியாது.”

விமலேஸ்வரியின் முகம் சுண்டிப்போனது. வந்தவர்கள் இருக்கக்கூட இல்லை. “பழையபடி விசர் துவங்கிட்டுது போல,” என்று வாசலில் ஒருத்தி சொன்னது கட்டில்வரை கேட்டது.

“சும்மா இருந்திருக்கலாமே,” என்றான் சிவகரன்.

“கும்பிடுற வாயால அம்மாளின்ர பேரில பொய் சொல்லேலாது. விசரி எண்டால் சொல்லட்டும். அது வருத்தம், மருந்திருக்கு.”

இவ்வளவு துணிச்சல்காரியோடா இத்தனை காலம் வெட்கப்பட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தினோம் என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

தேத்தண்ணி வாங்க வெளியே போனபோது, ஊர்க்காரன் ஒருவன் கடையில் நின்று நக்கலாகக் கேட்டான். “என்ன சிவகரன், அம்மாளுக்குச் சுகமோ?”

கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாளெல்லாம், கேட்டவர்களுக்கு இடுப்பு வலி, நாரிப்பிடிப்பு என்றே சொல்லி வந்தவன் சிவகரன்.

“அம்மாள் கோயில்ல சுகமா இருக்கிறா,” என்றான். “என்ர மனிசிக்கு மனவருத்தம். ஏழு வருசமா மருந்து எடுக்கிறா.”

கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான்.