ஹெலிகாப்டரில் இரண்டு இடம்

வெள்ளம் சூழ்ந்த நாலாம் நாள்தான் குருவித்தோப்புக்கு ஹெலிகாப்டர் வந்தது. பள்ளிக்கூட மேட்டில் அது இறங்கியபோது ஊரே ஓடிப்போய் நின்றது. கிராம சுகாதார நர்ஸ் சுடலைச்செல்வி ஓடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாக நடந்ததில் அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகியிருந்தது.

முதலில் கீழே வந்தது மருந்துப் பெட்டி அல்ல, பேனர். ‘வானத்து நேசர் மருத்துவ ஊழியம்’ என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது. அடுத்து போட்டோகிராபர் செபாஸ்டின். பிறகு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஊழியத்தின் தலைவர் கிருபாநிதி. கடைசியாக டாக்டர் பெனிஸ்டன். படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

பெட்டிகளைத் திறந்தார்கள். பூச்சி மாத்திரை, சத்து டானிக், முந்நூறு மூக்குக்கண்ணாடி. சுடலைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சர்க்கரைக்காரங்க பதினோரு பேரு இருக்காங்க ஐயா. இன்சுலின் இருக்கா?”

“அது அடுத்த ட்ரிப்ல வரும் சிஸ்டர்” என்ற கிருபாநிதி, மூன்று நாள் மொட்டைமாடியில் நனைந்து கிடந்த மாசானத்தின் மூக்கில் ஒரு கண்ணாடியை மாட்டினார். “கொஞ்சம் சிரிங்க ஐயா.”

செபாஸ்டின் படம் எடுத்தான். மாசானம் நாலு எட்டு வைத்துத் தடுமாறி, கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள் என்றுதான் அவர் வரிசையில் நின்றது.

சுடலைச்செல்வி டாக்டரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் போனாள். அங்கே பெஞ்சில் இந்துமதி படுத்திருந்தாள். ஒன்பதாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, முகம் உப்பிக் கிடந்தது.

“நர்ஸக்கா, கண்ணு மங்குது. தலை வெடிச்சிரும் போலிருக்கு.”

பெனிஸ்டன் ரத்த அழுத்தம் பார்த்தான். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. இன்னொரு தடவை பார்த்தான். 

“எப்ப வேணும்னாலும் ஃபிட்ஸ் வந்துடும். உடனே தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

“அதத்தான சொல்லுதேன். வெளிய நிக்கிது பாருங்க வண்டி.”

செபாஸ்டினோடு பின்னாலேயே வந்திருந்த கிருபாநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இது பேஷன்ட் ஏத்துற ஹெலிகாப்டர் இல்ல சிஸ்டர். பைலட் போக மூணே சீட். இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்கு. சாயங்காலம் மாப்பிள்ளையூரணியில கூட்டம் வேற. நாம ஜெபம் பண்ணலாம், கர்த்தர் போட் அனுப்புவார்.”

அவர் இந்துமதியின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். செபாஸ்டின் அதையும் படம் எடுத்தான். அவர் கண் திறப்பதற்குள் சுடலைச்செல்வி, “எந்திளா, என் தோளப் புடி” என்று இந்துமதியைத் தூக்கி நிறுத்தி, மேட்டுக்கு நடத்திக்கொண்டு போய் ஹெலிகாப்டரில் ஏற்றினாள். தானும் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

பைலட் ராஜபாண்டி திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேர் ஏறினா ரெண்டு பேர் இங்க நிக்கணும். எனக்கு எடைதான் கணக்கு. யாருன்னு எனக்குக் கவலையில்ல.”

“நான் இருக்கேன்” என்றான் பெனிஸ்டன், யாரும் கேட்கும் முன்பே.

கிருபாநிதி செபாஸ்டினைப் பார்த்தார். “தம்பி, நீயும் இருந்துக்கோ.”

“பிரதர், நான் சம்பளத்துக்கு வந்தவன்” என்றான் செபாஸ்டின், ஏறி உட்கார்ந்தபடியே. “ஊழியத்துக்கு வந்தது நீங்கதான?”

கூட்டத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கிருபாநிதி சுடலைச்செல்வியிடம் குனிந்தார். “சிஸ்டர், கொஞ்சம் இறங்குங்க. பேசுவோம்.”

“போற வழியில இவளுக்கு வலிப்பு வந்தா நீங்க பாப்பியளா? தள்ளி நில்லுங்க ஐயா, காத்தாடி சுத்தப் போவுது.”

மேலே எழும்பியபோது அவள் தன் ஊரை முதல்முறையாக வானத்திலிருந்து பார்த்தாள். சேற்றுத் தண்ணீரில் நெல்வயல் ஒன்றுகூடத் தெரியவில்லை. மேட்டில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதுமே இந்துமதிக்கு வலிப்பு கண்டது. கத்தி வைத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ. தாயும் பிழைத்தாள்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டதால் ஹெலிகாப்டர் திரும்பிப் போகவில்லை; குருவித்தோப்புக்குப் படகு வர இரண்டு நாள் ஆனது. அதுவரை பெனிஸ்டன் கையிலிருந்த பஞ்சை வைத்து ஊர்க்காரர்களின் சேற்றுப் புண்ணுக்கெல்லாம் கட்டுப் போட்டான். கிருபாநிதி ஒரு மூலையில் உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று குறை சொன்னாராம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. “என் இருக்கையை அந்தத் தாய்க்கு விட்டுக்கொடுக்கும்படி கர்த்தர் பேசினார்” என்று அதில் கண்கலங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார் கிருபாநிதி. மறுநாள் அவரே சுடலைச்செல்விக்குப் போன் செய்தார்.

“கூட்டத்துல வந்து ஒரு சாட்சி சொல்லணும் சிஸ்டர்.”

“வாரேன். நடந்தத நடந்தபடியே சொல்லுவேன். சரியா?”

“தேதி அப்புறம் சொல்றேன் சிஸ்டர்” என்று அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு ஊசி போடும் நாள். குழந்தைகளோடு வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள்.