எட்டரை மணி பஸ்

"டீயை வச்சுப் பொருளாதாரமா?" என்று அதிகாரி சிரித்தார். கூட்டமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திட்ட அலுவலகத்தில் நான் தற்காலிக ஆள். எம்.ஏ. பொருளாதாரம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் வரும் வருஷங்களில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், அவர்களுக்காக நல்லூர் வரைக்கும் வேலை விடும் இரவு எட்டரை மணிக்கு ஒரு பஸ் விடலாமா என்று முன்கணிப்புப் போடச் சொல்லியிருந்தார்கள். கம்பெனிகள் எழுதிக் கொடுக்கிற ஆள் எண்ணிக்கையை வைத்துக் கோடு இழுத்தால் கோடு படுத்தே கிடக்கும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.க்குப் பயந்து பாதி ஆளைக் காட்டவே மாட்டார்கள். காலேஜ் லீவில் நானும் டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்தவள்தான். என் பேர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. ஆனால் வேளை தவறாமல் டீ வந்தது. ஆளை மறைக்கலாம், அவன் குடிக்கிற டீயை எங்கே மறைப்பது? அதனால் டீக்கடைகளில் கேட்டு, நூல் வரத்தையும் கரண்ட் இணைப்புகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கோடு எழுந்து நின்றது.

"அத்தன ஆளெல்லாம் ஏதுங்க சார்?" என்றார் அர்த்தநாரி. வேலம்பாளையத்தில் பெரிய பனியன் கம்பெனி முதலாளி. என் அம்மா மருதாளுக்கும் அவர்தான் முதலாளி. "என்ற கம்பெனில இருவது பேரு இருந்தா பெருசுங்க. அம்மிணி டீக்கடையவே சுத்தீட்டு வந்திருக்குது."

மறுபடி சிரிப்பு. நான் எழுந்தேன்.

"உங்க கம்பெனில டீ கூடச் சரியாத் தர்றதில்லைன்னு பேசிக்கறாங்களே, நெசமாங்க?"

"எவன் சொன்னான்?" அர்த்தநாரிக்கு முகம் சிவந்தது. "வேளைக்கு ஆறு பெரிய தூக்கு டீயுங்க! பன்னு வேற! வந்து பாக்கச் சொல்லுங்க!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இருபது பேருக்கு ஆறு தூக்கா? வயிறு தாங்குமா அர்த்தநாரி?"

அர்த்தநாரியே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மிணி வாயப் புடுங்கிப்போட்டுதுங்க."

ஒரு மாதத்துக்குப் பஸ் விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. "காலியா ஓடுச்சுன்னா பஸ்ஸும் இல்ல, நீயும் இல்ல" என்றார் அதிகாரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

திங்கட்கிழமை நல்ல நாள் என்று அன்றே ஆரம்பித்தார்கள். நானும் தலையாட்டித் தொலைத்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கினவர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை வேலைக்கு வர மாட்டார்கள் என்பது திருப்பூரில் பிறந்த எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது. முழுசாக ஆள் வந்தாலே பாதி பஸ்தான் நிறையும் என்பது என் கணிப்பு. எட்டரைக்கு நிறுத்தத்தில் காலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "எங்கம்மிணி உங்காளுக?" என்றார் கண்டக்டர். என் வேலை போனால் போகட்டும். அம்மாவும் அவள் கூட்டாளிகளும் இனியும் டவுன் வரைக்கும் இருட்டில் நடந்துதான் பஸ் பிடிக்க வேண்டுமா?

கம்பெனி கேட் திறந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, தூக்குவாளிகள் இடிபட, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார்கள். அடுத்த கம்பெனி, அதற்கடுத்த கம்பெனி. என் டீக் கணக்கிலும் சிக்காத ஆட்கள். படியில் முழங்கை, ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, "ஏனுங்கண்ணா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்!" என்று கூச்சல். நான் படியில் கால் வைக்கப் பார்த்தேன். வைக்க இடமில்லை.

ஜன்னலில் அம்மா. மருதாளுக்கு சீட் கிடைத்துவிட்டது.

"ஏம்புள்ள தெய்வா! ஊருக்கே கணக்குப் போட்டியே, உனக்கொரு சீட்டுப் போட்டியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேட்டில் முக்கி முனகி ஏறியது. யாருடைய தோளிலோ ஒட்டியிருந்த சிவப்பு நூல் ஒன்று ஜன்னலுக்கு வெளியே வந்து காற்றில் நெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டவுனை நோக்கி நடந்தேன்.