ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கம்

ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை எந்த இடத்தில் உட்கார்ந்து படித்து முடித்தார்களோ, அந்த இடத்தைவிட்டு அவர்களால் வெளியே வர முடியவில்லை. புத்தகம் வெளியான மாதத்திலேயே ஊருக்கு இது தெரிந்துவிட்டது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வாசல்வரை சாதாரணமாக நடந்து வருவார்கள், அங்கே கால் நின்றுவிடும். ஆளைத் தூக்கிப் பார்த்தார்கள்; வாசலை நெருங்க நெருங்கக் கனத்துக்கொண்டே போய், கடைசியில் தூக்கியவர்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முடிதிருத்துபவர் ஒருவர் தன் கடையிலேயே முடித்திருந்தார், அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. வங்கிக் காசாளர் ஒருவர் வேலைக்குப் போகும் பேருந்தில் முடித்துவிட்டு, அதே பேருந்தில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நடத்துநர் முதல் வாரம் டிக்கெட் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் முடித்தவர் ஒருவர் உண்டு. கழிப்பறையில் முடித்தவர்களைப் பற்றி எழுதுவதற்கில்லை.

கதை இதுதான். திருடப்பட்ட ஒரு கிண்ணத்தை, அது யாருடையதோ அந்த அரசியிடமே திருப்பிக் கொடுக்க நான்கு பேர் நடந்து போகிறார்கள்: ஒரு சமையற்காரன், இரண்டு அண்ணன் தம்பிகள், கிண்ணத்தைத் திருடிய பெண். ஆறு பாகமும் நடை. ஆறாவதன் முடிவில் மலைக்குள் ஒரு கதவின் முன்னால் வந்து நிற்கிறார்கள், கதவுக்குக் கைப்பிடி இல்லை. அத்தோடு நிறுத்திவிட்டு எழுதியவர் பேசாமல் இருந்துவிட்டார். வெளியே இருந்தவர்கள் அவர் வீட்டின் முன்னால் கத்தினார்கள், உள்ளே மாட்டியவர்கள் கடிதம் போட்டார்கள். பதில் இல்லை. புத்தகக் கடைகளில் கடைசிப் பக்கத்தைக் கிழித்த பிரதிகள் தனியாக விற்பனைக்கு வந்தன. அவற்றுக்கு விலை கூடுதல், கேட்டால் கிழிக்கிற கூலி என்றார்கள்.

பொய்ப்பல் செய்யும் பட்டறை ஒன்றில் மெழுகில் பல் அடுக்குகிற பெண், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை முடித்தாள். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, இரண்டு ஜன்னல், இரண்டுக்கும் கம்பி. மேஜை, தரை, மின்விசிறி எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டர் தூசி. அலமாரி முழுக்க யார் யாருடையதோ மேல்வாய், கீழ்வாய் அச்சுகள். கூட வேலை பார்த்தவர்கள் அவளைப் பல்லக்கா என்று கூப்பிட்டார்கள். முதல் பாகத்திலிருந்து வெளியான அன்றே வாங்கிப் படித்தவள், அந்தத் திருட்டுப் பெண்ணைப் பற்றி யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவர்களோடு பேச மாட்டாள். அன்று மாலை எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவள் வாசலில் நின்றுகொண்டு கணவனுக்குப் போன் செய்தாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்களை வெளியே எடுப்பது அவன் பிழைப்பு. பையோடு வந்தவன் கதவைக் கழற்றினான், நிலையைக் கழற்றினான். அவள் கால் அப்போதும் நகரவில்லை. மறுநாள் முதலாளியிடம் கெஞ்சிப் பக்கத்துச் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டான். அங்கேயும் நின்றது. ஓட்டையை அடைக்கிற செலவை முதலாளி அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் இரவுக் காவலாளியையும் நிறுத்திவிட்டார். அதுதான் ஆள் உள்ளேயே இருக்கிறதே.

"ஆறு புக்கு முழுக்க நடந்தே போறானுங்க. நடுவுல ஒரு வண்டியப் பிடிச்சிருந்தா ரெண்டாவது புக்கோட முடிஞ்சிருக்கும். நீயும் வீட்டுல இருந்திருப்ப" என்றான் கணவன்.

"படிக்காதவங்க பேசக்கூடாது."

"படிச்சவங்க நிலைமையத்தான் பாக்கறேனே."

மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது வரவில்லை. பிறகு வந்தது. மாலையில் நேராக மாடிக்கு வந்து, பல் வரிசைகளுக்கு நடுவே நோட்டை விரித்து எழுதுவாள், அம்மா தலை பின்னிவிடுவாள், எட்டு மணிக்கு அப்பா வந்து கூட்டிப் போவான். காய்ச்சல் வந்தால் மகளை மாடிக்குத் தூக்கி வர வேண்டும். பள்ளிக்கூட நாடகத்தில் அவள் மரமாக நின்றதை அப்பா போனில் காட்டினான், முக்கால்வாசி நேரம் அவனுடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் வானமும். பல்லக்கா அந்தத் தொட்டிக்கு மூன்று முறை நிறம் மாற்றியதைப் பார்த்தாள். பட்டறையின் உற்பத்தி இரட்டிப்பானது.

ஒன்பதாம் வருடம் ஏழாம் பாகம் வந்தது. கதவு தானாகத் திறக்கிறது, அரசி எல்லோரையும் மன்னிக்கிறாள், அண்ணன் தம்பிகளுக்குக் கல்யாணம், சமையற்காரன் அரண்மனையில் சேர்கிறான், திருட்டுப் பெண் அரசியின் காலில் விழுந்து அழுகிறாள். படித்தவர்களில் பலர் நல்ல முடிவு என்றார்கள், எழுந்து வெளியே நடந்தார்கள். எதைக் கொடுத்திருந்தாலும் பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வங்கிக் காசாளர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். முடிதிருத்துபவருக்குக் கல்யாணக் காட்சியில் கண்கள் கலங்கின. அவர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா தெருத்தெருவாகச் சுற்றினார். பிடிக்காதவர்களுக்குத்தான் கால் வரவில்லை. பொய்யாகப் புகழ்ந்து பார்த்தவர்களும் வாசலில் நின்றார்கள். ஊரில் அப்படி மிஞ்சியவர்கள் இருபது பேர் இருக்கலாம். பல்லக்கா அதில் ஒருத்தி.

அவள் அதை இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் கணவன் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தபோது மேல்வாய் வரிசைக்குக் கோரைப்பல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது அவ இல்லங்க. அவ யார் கால்லயும் விழமாட்டா. நாலாவது பாகத்துல கழுத்துல கத்திய வெச்சப்பவே விழல."

"அட, விழுந்தா விழுந்துட்டுப் போறா! உனக்கென்ன? நல்லாருக்குன்னு மனசுல நெனச்சுக்கோ, வா."

"நெனச்சுப் பாத்துட்டேன்."

"இன்னொரு தடவ நெனையேன். ஒன்பது வருஷமா ஒத்தை ஆளா சோறாக்கறேன். பொண்ணு பெரியவளாயிட்டா, அவகிட்ட நான் எதைப் பேசறது, எதைப் பேசாம இருக்கறது? ஒரு பொம்பளை புக்குல கால்ல விழுந்தத உன்னால பொறுத்துக்க முடியாதா?"

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள், கண்ணை மூடிக்கொண்டு மனதாரப் பிடித்துப்போக முயன்றாள். முகம் சிவந்தது. கால் வரவில்லை. அந்த வருடம் அவள் ஏழாம் பாகத்தைப் பதினைந்து முறைக்குக் குறையாமல் படித்தாள். படிக்கப் படிக்க இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் எழுதியவர் இறந்துபோனார். எட்டாம் பாகத்துக்கு இனி வழியில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் அவள் வேலை செய்யவில்லை, அழவும் இல்லை.

கணவன் அந்த வாரம் முதல் பாகத்தைக் கையில் எடுத்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் குறிப்பேடு தவிர வேறெதையும் படித்தறியாதவன், உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். மாலையில் மாடியில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் சண்டை பிடித்தான். அவனுக்குச் சமையற்காரனைப் பிடித்திருந்தது, அவளுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. இரண்டாம் பாகத்தில் வருகிற ஆற்றைக் கடக்க அவனுக்கு நான்கு மாதம் ஆனது. ஆறாம் பாகத்தில் கடைசிப் பக்கம் மட்டும் மிச்சமிருந்தபோது அவள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க எதுக்கு? வீட்டுல முடிச்சா வீட்டுல மாட்டுவேன், லிஃப்டுல முடிச்சா லிஃப்டுல மாட்டுவேன். மாட்டறதுன்னு ஆனா இங்கதான்" என்றான்.

"பொண்ணுக்கு யாரு இருக்கா? ரெண்டு பேரும் இங்க உக்காந்துகிட்டா அவளுக்கு யார் கதவத் திறந்து விடுவா?"

புத்தகம் அலமாரியில், யாரோ வாங்காமல் விட்டுப்போன பல் செட்டுக்குப் பக்கத்தில் போனது. அதன் பிறகு வருடங்கள் போயின. முதலாளி இறந்து அவர் மருமகன் வந்தான். பட்டறைக்குப் புதிய இயந்திரம் வந்தது, பல்லக்காவின் கண்களுக்குக் கண்ணாடி வந்தது. அவன் தினமும் இரவு எட்டு மணிக்கு எழுந்து மகளோடு போனான். சைக்கிள் கடைக்காரர் "இன்னும் ஒரு பக்கந்தானாண்ணே?" என்று கேட்பார். "ஒரு பக்கந்தான்" என்பான்.

மகள் படித்து முடித்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிடைத்த கடிதத்தை வைத்துக்கொண்டு போகாமல் இருந்தாள். அப்பாவைத் தனியாக விட்டுப் போக முடியாது என்றாள், அவளைத் தனியாக அனுப்ப முடியாது என்று அவன் சொன்னான். சேரச் சொன்ன தேதி தாண்டியது, இன்னொரு தேதி கொடுத்தார்கள். அந்த மாலை மாடியில் மூன்று பேரும் இருந்தபோது மகள் வெடித்தாள்.

"இந்தம்மா புக்கால மாட்டினாங்க. நீ எனக்காகன்னு மாட்டின. நான் உனக்காகன்னு மாட்டணுமா? நான் ஒரு பக்கம்கூடப் படிக்கலப்பா!"

பல்லக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். தூசியைத் துடைத்தாள். கணவனிடம் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள். "உங்க இஷ்டம். நான் கூப்பிடல" என்றாள்.

மகள் பயணப்பட்ட நாளில் அவன் ரயில் நிலையம்வரை போய்ப் பெட்டியை ஏற்றிவிட்டான். கருவிப் பையைக் கம்பெனியில் ஒப்படைத்தான், வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தான். ஒரு பாயும் இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு மாடியேறினான். மற்றவர்கள் வேலையில் இருந்தார்கள். ஒருவன் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தான். கணவன் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, அந்தப் பக்கத்தைப் படித்தான். அவசரப்படவில்லை. புத்தகத்தை மூடியதும் அவள் கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"சமையக்காரன இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்."

அவள் ஒரு பிளாஸ்டர் கட்டியை எடுத்து அவன்மேல் எறிந்தாள். தோளில் பட்டு உடைந்தது. பிறகு அவன் தொழில் வழக்கப்படி வாசலுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தான். வலது கால் வரவில்லை, இடது கால் வரவில்லை. பக்கவாட்டாகத் திரும்பியும் பார்த்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, பாயை எங்கே விரிப்பது என்று அவளைக் கேட்டான்.

செருப்பை அவன் வழக்கம்போல வெளியே படிக்கட்டில் கழற்றிவிட்டு வந்திருந்தான். கை நீட்டினாலும் எட்டாத தூரம். சில நாள் அங்கேயே கிடந்தது. அப்புறம் சைக்கிள் கடைக்காரர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது.